தலைக்கு எட்டும் உதை: பலமா, பகட்டா?

உதை வாங்கி மயங்கி விழுந்தவருக்குத் தங்கப் பதக்கம்! உதைத்து வீழ்த்தியவருக்கு வெள்ளிப் பதக்கம்!

இப்படியும் நடக்குமா? நடந்திருக்கிறது.

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்துகொண்டிருந்தது. கராத்தே சண்டையில், 75 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களுக்கான இறுதிப் போட்டி.

சவூதி அரேபிய வீரர் தாரெக் ஹமீதியும், ஈரான் வீரர் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயும் மோதினார்கள். ஹமீதிக்கு 4 புள்ளி. கஞ்ச்சாதேக்கு 1 புள்ளி. சவூதி அரேபியா அதுவரை ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட வாங்கியதில்லை. அந்த முதல் தங்கம் ஹமீதியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

திடீரென்று ஹமீதியின் கால் உயர்ந்தது. கஞ்ச்சாதேயின் கழுத்தோரம் விழுந்தது அடி! அவர் வெட்டிய மரம்போல் சாய்ந்தார். அசைவே இல்லை. மூக்கில் பிராணவாயு மூடியை வைத்து, அவரைத் தூக்கிச் சென்றார்கள்.

கூட்டம் திகைத்தது. நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பிறகு தீர்ப்பு வந்தது. ஹமீதி தகுதி இழந்தார், கஞ்ச்சாதேக்கு வெற்றி!

காரணம் என்ன? அந்தக் கராத்தே போட்டியில் தலைக்கு உதைக்கலாம். உதைத்தால் 3 புள்ளியும் உண்டு. ஆனால் காலைக் கட்டுப்படுத்தி, பட்டும் படாமலும் நிறுத்த வேண்டும். ஓங்கி அடித்துவிட்டால் அது குற்றம்.

தாம் வென்ற செய்தியே கஞ்ச்சாதேக்கு மயக்கம் தெளிந்த பிறகுதான் தெரிந்தது. ஹமீதி கண்ணீர் விட்டார்.

காலைத் தலை உயரத்துக்குத் தூக்கி உதைப்பது பார்ப்பதற்கு அழகுதான். சினிமாவில் கதாநாயகன் அப்படி உதைத்தால் கொட்டகை அதிர்கிறது. கராத்தே பள்ளிகளின் பெயர்ப் பலகைகளிலும் அதே படம்தான். ஆனால் உண்மையான சண்டையில் அந்த உதை உதவுமா? அல்லது அது வெறும் பகட்டுத்தானா?

தற்காப்புக் கலை பயில்வோரிடையே ஓயாமல் நடக்கும் வாதம் இது. இதற்கு விடை சொல்லும் சண்டைகள் பல நடந்திருக்கின்றன.

வெள்ளை யானையின் வேலை

1988-ம் ஆண்டு. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரம்.

அமெரிக்கச் சாம்பியன் ரிக் ரூபஸ் மேடை ஏறினார். வயது 22. கை வேகம், கால் அதைவிட வேகம். அவரை எதிர்க்கத் தாய்லாந்திலிருந்து வந்தவர் சாங்புவெக் கியாட்சோங்ரிட். "சாங்புவெக்" என்றால் தாய்லாந்து மொழியில் வெள்ளை யானை என்று அர்த்தம்.

முழங்கையால் இடிப்பதும் முழங்காலால் இடிப்பதும் தாய்லாந்து வீரர்களின் பெரிய ஆயுதங்கள். இந்தச் சண்டையில் அவை இரண்டுக்கும் தடை. ஆனால் தொடையில் உதைக்க மட்டும் அனுமதி இருந்தது.

முதல் சுற்றிலேயே ரூபஸ் பாய்ந்தார். தாய்லாந்து வீரர் கீழே விழுந்தார். தாடை எலும்பு முறிந்தது! சண்டை முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

முறிந்த தாடையோடு வெள்ளை யானை எழுந்தது. பதற்றம் இல்லை. துள்ளல் இல்லை. ஒரே ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தது. ரூபசின் தொடையில் உதை. மறுபடியும் தொடையில் உதை. மறுபடியும் அதே தொடை.

ரூபசின் நடையில் தளர்ச்சி தெரிந்தது. துள்ளிய கால் இழுத்துக்கொண்டது. உதைப்பதற்குக் காலைத் தூக்கவும் முடியவில்லை. தூக்கிய காலைத் தாங்க மறு காலுக்கும் வலுவில்லை. நான்காவது சுற்றோடு சண்டை முடிந்தது. அமெரிக்கச் சாம்பியனை ஸ்டிரெச்சரில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள்!

தாடை உடைந்தவர் நடந்து போனார். தாடையை உடைத்தவரால் நடக்க முடியவில்லை. ரூபசின் தம்பி டியூக் ரூபஸ் இந்தத் தோல்வியைக் கண்டபிறகு தாய்லாந்து முறையைக் கற்கத் தொடங்கினார். பின்னாளில் பெயர் பெற்ற பயிற்சியாளராகவும் ஆனார்.

சட்டம் வளர்த்த உதை

இவ்வளவு திறமைசாலியான ரூபசுக்குத் தொடை உதையைத் தடுக்கத் தெரியாமல் போனது ஏன்?

அவர் வளர்ந்த சண்டை முறை அப்படி. கராத்தேயையும் குத்துச் சண்டையையும் கலந்து அமெரிக்கர்கள் ஒரு போட்டியை உருவாக்கினார்கள். 1974-ல் லாஸ் ஏஞ்சல்சில் அதற்கு உலகப் போட்டியும் நடந்தது. அந்த முறையில் இடுப்புக்கு மேலேதான் உதைக்கலாம். கீழே உதைத்தால் குற்றம்!

அது மட்டுமா? உதையை மறந்துவிட்டு வீரர்கள் கையாலேயே குத்திக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்து வந்தவர்களுக்கு உதை வேண்டுமே! அதனால், ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது 8 உதையாவது கொடுத்தாக வேண்டும் என்று விதி செய்தார்கள்.

அந்த விதிக்குள் வாழ்ந்த மன்னர் பில் வாலஸ். ஜூடோ பயிற்சியில் அவருடைய வலது முழங்கால் கெட்டுப்போனது. மற்றவராக இருந்தால் வீட்டில் உட்கார்ந்திருப்பார். வாலஸ் இடது காலை மட்டும் வைத்துக்கொண்டு உலகச் சாம்பியன் ஆனார்!

அவருடைய இடது கால் மணிக்கு 60 மைல் வேகத்தில் பாயும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். முழங்காலை மடக்கித் தூக்குவார். அந்த ஒரே நிலையிலிருந்து நேராகவும் உதைப்பார், சுற்றியும் உதைப்பார், கொக்கிபோல் பின்னாலிருந்தும் இழுத்து அடிப்பார். எது வரும் என்று எதிரிக்குத் தெரியாது. 1980-ல் ஓய்வு பெறும்வரை அந்தப் போட்டிகளில் அவரை யாரும் வெல்லவில்லை.

அப்படியானால் உயர உதை பலிக்கும் என்றுதானே பொருள்? ஆம், பலிக்கும். ஆனால் வாலஸ் ஊன்றி நின்ற வலது காலில் யாரும் உதைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் அவருக்கு ஒரு கேடயம். லாஸ் வேகாசில் ரூபசுக்கு அந்தக் கேடயம் இல்லை.

ஒற்றைக் கால் கணக்கு

மனிதனின் ஒரு கால், உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவரின் கால் சுமார் 10 கிலோ. அவருடைய கையோ 3 கிலோதான். பத்துக் கிலோ எடை வேகமாகச் சுழன்று வந்து தாடையிலோ நெற்றிப் பொட்டிலோ மோதினால் என்ன ஆகும்? தலை திடீரென்று திரும்பும். உள்ளே மூளை குலுங்கும். நினைவு போய்விடும்.

இது லாபம். நஷ்டக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து தொடைக்குப் போகும் கால், கொஞ்ச தூரம்தான் போகிறது. தலைக்குப் போகும் கால் நெடுந்தூரம் போகவேண்டும். எதிரி அதைப் பார்த்து ஒதுங்கவோ, கையைத் தூக்கித் தடுக்கவோ நேரம் கிடைக்கிறது.

உதைப்பவர் அந்த நேரம் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கிறார். உயிர்நிலை திறந்து கிடக்கிறது. எதிரி ஓரடி முன்னால் வந்து காலைப் பிடித்துவிட்டால்? ஊன்றிய காலைத் தட்டிவிட்டால்? உதைத்தவரின் முதுகு தரையில் இருக்கும்.

உயரத்துக்குத் தகுந்த பலன் உண்டு. உயரத்துக்குத் தகுந்த ஆபத்தும் உண்டு.

ஓகினாவாவில் தாழ்ந்தது, ஜப்பானில் உயர்ந்தது

கராத்தேயின் தாய்வீடு ஓகினாவாத் தீவு. அங்கே வழிவழியாக வந்த பயிற்சி வரிசைகளைப் பார்த்தால் ஒன்று புரியும். உதைகள் பெரும்பாலும் இடுப்புக்கும் அதற்குக் கீழேயும்தான். முழங்கால், வயிறு, உயிர்நிலை இவைதாம் குறி. தலைக்கு வேலை வைப்பது கைதான்.

1922-ல் கிச்சின் புனகோஷி என்ற ஆசிரியர் ஓகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுவந்தார். அங்கே கல்லூரி மாணவர்கள் அதைப் பயின்றார்கள். புனகோஷியின் மகன் யோஷிதகா, உதைகளை உயர்த்தி, வீச்சையும் கூட்டினார் என்று சொல்வார்கள். கராத்தே விளையாட்டாக மாறியபோது கால் இன்னும் மேலே ஏறியது.

அதே கராத்தேயில் கியோகுஷின் என்று ஒரு பிரிவு. மசுதாட்சு ஓயாமா தோற்றுவித்தது. இங்கே பட்டும் படாமலும் என்ற பேச்சே இல்லை. உண்மையாகவே அடிக்க வேண்டும். ஆனால் கையால் முகத்தில் குத்தக் கூடாது. காலால் தலையில் உதைக்கலாம்! எதிரி முகத்தில் குத்தமாட்டான் என்பதால் வீரர்கள் நெருங்கி நின்று மார்பில் மாறி மாறிக் குத்துகிறார்கள். கை கீழே இறங்கியதும், பக்கத்திலிருந்து கால் தலைக்கு வருகிறது. பலருடைய ஆட்டம் அங்கேதான் முடிகிறது.

கொரியாவின் கால்கள்

உயர உதைக்குப் பெயர் போன நாடு கொரியா. அங்கே டெக்கியான் என்ற பழைய விளையாட்டு உண்டு. எதிரியைக் கீழே தள்ளினாலும் வெற்றி. தலையில் காலால் தட்டினாலும் வெற்றி. 2011-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்துக்களில் சேர்த்தது.

டேக்வாண்டோ என்ற பெயர் 1955-ல்தான் சூட்டப்பட்டது. ஜப்பானியக் கராத்தேயின் சாயலோடு தொடங்கியது, கொரியர்களின் கையில் காலுக்கு முதலிடம் கொடுக்கும் கலையாக வளர்ந்தது. 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக இடம் பெற்று, 2000-ல் சிட்னியில் பதக்கப் போட்டியாகவும் ஆனது.

புள்ளிக் கணக்கைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், உடம்பில் கையால் குத்தினால் 1 புள்ளி. உடம்பில் உதைத்தால் 2. தலையில் உதைத்தால் 3. சுழன்று உதைத்தால் அதற்கும் மேலே. முகத்தில் குத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் யார்தான் காலைத் தூக்கமாட்டார்கள்? டேக்வாண்டோ வீரரின் கால், மற்றவர் கை போகும் வேகத்தில் தலைக்குப் போகிறது. அந்த விதியை எடுத்துவிட்டால், தொடை உதைக்கும் முகக் குத்துக்கும் அவர் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

தாய்லாந்து முதல் கேரளம் வரை

தாய்லாந்துச் சண்டையில் பாதத்தால் உதைப்பதைவிட, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பால் அடிப்பதுதான் அதிகம். மட்டையால் அடிப்பது போன்ற அடி அது! தலைக்கு உதைக்கவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை எடுத்த எடுப்பில் செய்வதில்லை. தொடை, விலா, கை என்று அடித்து எதிரியைத் தளர வைத்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

பிரான்சில் சவாத் என்ற முறை, 19-ம் நூற்றாண்டில் உருவானது. பாரிஸ் தெருச் சண்டைக்காரர்கள் பூட்சுக் காலால் தாழ உதைத்தார்கள். மார்செய்ல் துறைமுகத்து மாலுமிகள் உயர உதைத்தார்கள். இந்த இரண்டோடு ஆங்கிலேயக் குத்துச் சண்டையும் சேர்ந்தது.

சீனாவில் "தெற்கே கை, வடக்கே கால்" என்பது பழைய பேச்சு. வடசீன முறைகளில் பாய்ச்சலும் உயர உதையும் மிகுதி. தெற்கே உள்ள விங் சுன் முறையில் கால் பெரும்பாலும் இடுப்பைத் தாண்டுவதில்லை.

அந்த விங் சுன் முறையை ஹாங்காங்கில் பயின்றவர்தான் புரூஸ் லீ! படங்களில் அவர் கால் எதிரியின் தலைக்குப் பறக்கும். ஆனால் தம் மாணவர்களுக்கு அவர் முக்கியமாகக் கற்றுக்கொடுத்த உதை வேறு. முன்காலால் எதிரியின் முழங்காலிலும் அதற்குக் கீழேயும் பக்கவாட்டில் உதைப்பது. முன்னது ரசிகர்களுக்கு, பின்னது சண்டைக்கு.

பிரேசில் நாட்டுக் கப்போயிராவில் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு காலைச் சுழற்றுகிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் ஆபத்துக்கு அவர்கள் கண்ட மருந்து அது.

நம் பக்கத்தில் கேரளத்தின் வடக்கன் களரியில், தலைக்கு மேல் நீட்டிய கையைத் தொடும்படி காலை வீசுகிறார்கள். ஆனால் அது முதலில் உடற்பயிற்சி. இடுப்பு இளகவும், நிலை தவறாமல் இருக்கவும் செய்வது. அதற்குப் பிறகு கம்பு, வாள், கேடயம் என்று பாடம் வேறு பக்கம் போகிறது.

முகமது அலியின் கால்கள்

தாழ்ந்த உதை எவ்வளவு கொடியது என்று உலகத்துக்குக் காட்டிய சண்டை ஒன்று, 1976 ஜூன் 26-ல் நடந்தது. ஹமீதி 45 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கத்தை இழந்தாரே, டோக்கியோவில் அதே புடோகான் மண்டபத்தில்!

ஒரு பக்கம் உலகக் குத்துச் சண்டைச் சாம்பியன் முகமது அலி. மறுபக்கம் ஜப்பானிய மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோகி. குத்துச் சண்டை பெரிதா, மல்யுத்தம் பெரிதா என்று பார்க்க உலகமே காத்திருந்தது.

மணி அடித்ததும் இனோகி தரையில் படுத்துக்கொண்டார்! படுத்தபடியே அலியின் கால்களை உதைத்தார். 15 சுற்றும் இதே கதைதான். அலி கொடுத்த குத்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். படுத்திருப்பவனை எப்படிக் குத்துவது?

ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். சண்டை சமநிலையில் முடிந்தது. ஆனால் அலியின் கால்கள் வீங்கிவிட்டன. இரத்தம் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. பார்க்க அழகில்லாத உதை, வண்ணத்துப்பூச்சிபோல் ஆடிய கால்களைப் பதம் பார்த்துவிட்டது.

தலையே கீழே வந்தால்?

எந்தக் கலை மேல் என்று பார்க்க 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒரு போட்டி வைத்தார்கள். கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது. மற்றபடி பெரிதாக விதி இல்லை.

டெலிவிஷனில் வந்த முதல் சண்டையில், சுமோ மல்யுத்த வீரர் டெய்லா துலியும், நெதர்லாந்தின் சவாத் வீரர் ஜெரார்டு கோர்டோவும் மோதினார்கள். துலி பாய்ந்தார், தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டார். கோர்டோவின் கால் முகத்தில் விழுந்தது. பல் பறந்தது! அரை நிமிஷத்துக்குள் சண்டை முடிந்தது. உடைந்த பல், கோர்டோவின் பாதத்திலேயே பதிந்திருந்தது.

அதே கோர்டோ இறுதிச் சண்டைக்கு வந்தார். எதிரே பிரேசில் நாட்டு ஜியு ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி. பார்வைக்கு ஒல்லி. அவர் உதையையோ குத்தையோ நம்பவில்லை. கோர்டோவைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளி, கழுத்தை நெரித்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கோர்டோ தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தரையில் விழுந்த பிறகு காலின் உயரத்துக்கு வேலை இல்லை. இதை அன்று உலகம் பார்த்தது. இனி உயர உதைக்கு மதிப்பில்லை என்று பேசியவர்களும் உண்டு.

56 வினாடி பாக்கி!

அந்தப் பேச்சைப் பொய்யாக்கிய சண்டைகளும் நடந்தன.

குரோவேஷிய வீரர் மிர்கோ குரோகாப்பின் இடது கால் பலரைத் தூங்க வைத்தது. வலது காலில் அடி வாங்கினால் ஆஸ்பத்திரி, இடது காலில் வாங்கினால் இடுகாடு என்றே ஒரு சொல் வழங்கியது. ஆனால் 2007 ஏப்ரலில் மான்செஸ்டரில் என்ன நடந்தது? தரைச் சண்டைக்குப் பெயர் பெற்ற பிரேசில் வீரர் கப்ரியேல் கொன்சாகா, காலைத் தூக்கி ஒரே உதையில் குரோகாப்பையே சாய்த்தார். அவர் உதைப்பார் என்று குரோகாப் எதிர்பார்க்கவே இல்லை!

2015 நவம்பரில் மெல்போர்னில், அதுவரை தோல்வியே காணாத ரோண்டா ரவுசியை ஹாலி ஹோம் எதிர்த்தார். ஹோம் முன்பு குத்துச் சண்டைச் சாம்பியன். முதல் சுற்று முழுவதும் கையால் முகத்தில் குத்திக்கொண்டே இருந்தார். ரவுசியின் கவனம் கையிலேயே நின்றது. இரண்டாவது சுற்றில் இடது கால் வந்தது. கழுத்தோரம் பட்டது. ரவுசி சாய்ந்தார்.

2022 ஆகஸ்டில், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரில் நடந்ததோ இன்னும் அதிசயம். சாம்பியன் கமாரு உஸ்மான். எதிர்த்தவர் லியோன் எட்வர்ட்ஸ். ஐந்தாவது சுற்று, அதுதான் கடைசி. புள்ளிக் கணக்கில் உஸ்மான் முன்னால் இருந்தார். பாக்கி இருந்தது 56 வினாடி. எட்வர்ட்ஸ் கையால் குத்துவதுபோல் பாசாங்கு செய்தார். உஸ்மான் தலையைச் சாய்த்தார். சாய்த்த இடத்துக்கு இடது கால் வந்து சேர்ந்தது. சாம்பியன் மல்லாந்தார். பட்டம் கை மாறியது!

இந்தச் சண்டைகளில் ஓர் ஒற்றுமை தெரிகிறது அல்லவா? எதிரி வேறு எதையோ எதிர்பார்த்து நின்றபோது கால் வந்தது. ஹோமும் எட்வர்ட்சும் கையைக் காட்டிவிட்டுக் காலை அனுப்பினார்கள். கொன்சாகாவுக்கோ, தரைச் சண்டைக்காரர் என்ற பெயரே பாசாங்காக உதவியது. உயர உதை பலிப்பதற்கு அதன் வேகம் மட்டும் போதாது. எதிரியின் கண்ணும் கையும் வேறு எங்காவது இருக்க வேண்டும். வழி செய்யாமல் எடுத்த எடுப்பில் உதைப்பவர், காலை எதிரியின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

தாழ உதைத்தால் பயமில்லையா?

அப்படியும் சொல்ல முடியாது.

2013 டிசம்பரில் லாஸ் வேகாசில், பிரேசிலின் மாவீரர் ஆண்டர்சன் சில்வா, கிறிஸ் வைட்மேனின் காலைக் குறிவைத்து உதைத்தார். வைட்மேன் முழங்காலைத் தூக்கித் தடுத்தார். சில்வாவின் கால் எலும்பு இரண்டாக முறிந்தது!

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் அதே வைட்மேன் வேறொருவரைத் தாழ உதைத்தார். அவர் கொடுத்த முதல் உதையே அதுதான். அதே மாதிரி வைட்மேனின் கால் எலும்பு முறிந்தது!

தடுக்கத் தெரிந்தவனிடம் எந்த உதையும் ஆபத்துத்தான்.

தெருவில் நடந்தால்?

மேடையில் தரை சமமாக இருக்கிறது. வீரர் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு வருகிறார். எதிரி ஒருவன்தான். நடுவரும் டாக்டரும் பக்கத்தில் நிற்கிறார்கள்.

தெருவில்? மழை பெய்து வழுக்கும் தரை. மணல், படிக்கட்டு, பஸ் நெரிசல். இறுக்கமான கால்சட்டை, இல்லாவிட்டால் வேட்டி, சேலை. எதிரிகள் மூன்று பேராகக்கூட இருக்கலாம். அங்கே ஒற்றைக் காலில் நிற்பவர் வழுக்கி விழுந்தால், எழுந்திருப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. உதை பலித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நினைவிழந்தவன் சிமெண்டுத் தரையில் தலை மோத விழுகிறான். உயிரே போகலாம். ஒலிம்பிக் மேடையில் பதக்கத்தோடு போன குற்றம், தெருவில் சிறைச்சாலை வரைக்கும் போகும்.

அதனால்தான் விவரம் தெரிந்த ஆசிரியர்கள், தெருச் சண்டைக்கு முதல் பாடமாக விலகி ஓடுவதைச் சொல்கிறார்கள். ஓட முடியாதபோது முழங்காலுக்கும் அதற்குக் கீழேயும் ஓர் உதை. உடனே அங்கிருந்து நகர்ந்துவிடுதல். மூன்று மாதம் வகுப்புக்குப் போய்விட்டு, உயர உதைக்கத் தெரியும் என்ற தைரியத்தில் கத்தி வைத்திருப்பவன் முன்னால் நிற்பதைப் போன்ற ஆபத்து வேறு இல்லை.

கற்பவர்கள் கவனிக்க

அப்படியென்றால் பிள்ளைகளுக்கு உயர உதையைக் கற்றுத்தர வேண்டாமா? தாராளமாகக் கற்றுத்தரலாம். இடுப்பு இளகும். ஒற்றைக் காலில் நிலையாக நிற்கும் பழக்கம் வரும். தலைக்கு உதைக்கப் பழகியவருக்கு வயிற்றுக்கு உதைப்பது எளிது. எதிரியின் உயர உதையைத் தடுக்கவும், அது எப்படி வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே!

ஆனால் அவசரம் கூடாது. உடம்பு சூடேறுவதற்கு முன் காலை உயர வீசினால் தசை கிழியும். எல்லோருடைய இடுப்பு எலும்பும் ஒரே மாதிரி அமைந்ததல்ல. சிலருக்குக் கால் பக்கவாட்டில் ஓர் அளவுக்கு மேல் உயராது. அவர்களை வற்புறுத்தித் தூக்க வைப்பது மூட்டைக் கெடுப்பதாகும்.

சுற்றி உதைக்கும்போது ஊன்றிய பாதமும் கூடவே திரும்ப வேண்டும். பாதம் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். கை இரண்டும் தாடையை விட்டு இறங்கக் கூடாது. போன வேகத்தில் கால் திரும்பி வரவேண்டும்.

முதலில் முழங்கால் உயரம். பிறகு வயிறு. அது பழகிய பிறகு தலை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. பயிற்சியில் ஒருவர் தலையில் ஒருவர் பலமாக உதைத்துக்கொள்ளவும் கூடாது. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைக் கெடுக்கும்.

எந்தக் கலை மேல் என்று கேட்பவர்களுக்கு, அந்தந்தக் கலை எந்தச் சட்டத்துக்குள் வளர்ந்தது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். முகத்தில் குத்தத் தடை இருந்தால் கால் மேலே போகிறது. தொடையில் உதைக்க அனுமதி இருந்தால் கால் கீழே இறங்குகிறது. கட்டிப் பிடிக்க அனுமதி இருந்தால் காலைத் தூக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

உயர உதை பொய் அல்ல. பட்டால் மலையும் சாயும். ஆனால் அது பெட்டியில் கடைசியாக எடுக்க வேண்டிய ஆயுதம். அதை முதலில் எடுப்பவர், கைதட்டல் வாங்கலாம், உதையும் வாங்கலாம்!